லிஃப்ட் வர ஒன்றரை நிமிடம்

பதினோராவது முறையாகச் செத்த பிறகும் அமலோற்பவம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. சாவு பழகிவிட்டது. திரையின் ஓரங்களில் சிவப்பு ஏறும், சிமெண்டுத் தரை கன்னத்துக்குப் பக்கத்தில் வந்து படுக்கும், கையிலிருந்த துப்பாக்கி தனக்கென்ன வந்தது என்று உருண்டு போகும், ஒரு நொடி கறுப்பு, அப்புறம் மறுபடியும் அதே படிக்கட்டின் அடி, அதே இரும்புக் கதவு, கதவுக்கு அந்தப் பக்கம் அதே இருட்டு ஹால். சனிக்கிழமை மதியம் இரண்டே முக்கால். கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் நம்பர் கூப்பிடுகிற வேலையை அரை நாளோடு முடித்துக்கொண்டு வந்தவள், சேலையைக்கூட மாற்றாமல் தம்பியின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். நாற்பத்து மூன்று வயதுப் பெண்பிள்ளை பட்டப்பகலில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு துப்பாக்கி விளையாட்டு ஆடுகிறாள் என்று தெரிந்தால் தெருவே கூடிச் சிரிக்கும். சிரிக்கட்டும். ஐந்து மணிக்குள் இந்த ஹாலைக் கடந்தாக வேண்டும், அதுவும் ஸ்பீக்கரின் திருகை முழுக்க இறக்கி வைத்து, ஒரு சொட்டுச் சத்தம் இல்லாமல், ராயன் ஆடுகிற மாதிரியே. ராயன் அவளுடைய தம்பி, முப்பத்தொரு வயது, இரண்டு வயதிலிருந்து காது கேட்காது. இந்த வீட்டில் இருப்பது அவர்கள் இரண்டு பேர்தான். அவனுக்குக் கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் படம் வரைகிற வேலை கிடைத்திருக்கிறது, வருகிறாயா இல்லையா என்று இன்று ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். ஆறு நாளாக அவன் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறான். பதில் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டான். ஏன் என்பது அமலோற்பவத்துக்குத் தெரியும். அதனால்தான் இந்த நாற்காலி.

கதவைத் தள்ளினாள். இந்த ஆட்டத்தில் நாயகனுக்கு முகம் கிடையாது. திரையின் அடியில் இரண்டு கைகளும் ஒரு துப்பாக்கியும் மட்டும் தெரியும், மற்றதெல்லாம் அவன் கண்ணில் படுகிற உலகம். அவன் பேசவும் மாட்டான். முதலில் வந்த பெரிய ஆட்டம் முழுக்க ஊரே அவனிடம் வந்து புலம்பும், திட்டும், கெஞ்சும், அவன் வாயைத் திறக்க மாட்டான், அதை ஒருத்தரும் குறையாக எடுத்துக்கொள்ளவும் மாட்டார்கள். ராயனுக்கு அவனை ஏன் அவ்வளவு பிடித்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. பதினேழு வயதில் ஆரம்பித்தது. பெரிய ஆட்டத்தை முடித்து, முடித்ததையே திருப்பித் திருப்பி முடித்து, பல வருஷம் கழித்து அதே கம்பெனிக்காரர்கள் கதையின் மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்கலாம் என்று எபிசோட் என்ற பெயரில் ஐந்து மணி நேரத் துண்டு ஒன்றை விட்டார்கள். சாப்பாடு முடிந்தபின் ஒரு கரண்டி பாயசம் மாதிரி. அந்தப் பாயசத்தில்தான் இந்தக் கல். நகரம் எரிகிறது, எல்லோரும் ஓடுகிறார்கள், நாயகனும் லெனா என்கிற பெண்ணும் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் லிஃப்ட்டுக்காக நிற்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் லிஃப்ட் வர ஒன்றரை நிமிடம். லெனா முதுகைக் காட்டிக்கொண்டு ஃபியூஸ் பெட்டியில் கம்பி சுற்றிக்கொண்டிருப்பாள், அவளால் உதவ முடியாது. டார்ச் ஆறு நொடி எரியும், பிறகு தானாக அணைந்து மூச்சு வாங்கும். அந்த இருட்டில் தூண்களுக்குப் பின்னாலிருந்து அவை வரும், தோல் உரிந்த நாய் மாதிரி, ஆனால் நாயைவிடப் பெரிதாக. வருமுன் மூச்சிரைக்கும். அந்த மூச்சு எந்தப் பக்கம் என்று கேட்டுத் திரும்பிச் சுட்டால் பிழைத்தாய். கேட்காதவனுக்கு அங்கே ஒன்றுமில்லை. ஆட்டத்தைச் செய்தவன் அதை யோசித்திருக்க மாட்டான், பாவம், அவன் வீட்டில் எல்லோருக்கும் காது கேட்டிருக்கும்.

பன்னிரண்டு. பதிமூன்று. இடப்பக்கம் பார்த்து நின்றால் வலப்பக்கத்திலிருந்து, வலப்பக்கம் பார்த்தால் பின்னாலிருந்து. சரி, சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்போம் என்று நின்றால் மேலே குழாயிலிருந்து ஒன்று தலையில் குதித்தது. அடப்பாவி. அவள் ராயன் ஆடும்போது பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பழகியவளே தவிர, தானே ஆடிப் பழகியவள் இல்லை. பதினாலு வருஷமாக அந்த ஸ்டூல்தான் அவள் இடம். அவன் கண் திரையில், அவள் கை அவன் தோளில். சத்தம் இடப்பக்கம் கேட்டால் இடத்தோளில் ஒரு தட்டு, வலப்பக்கம் என்றால் வலத்தோளில், பின்னால் என்றால் பிடரியில். காலையில் கோயிலுக்குப் போகாத ஞாயிறு உண்டு, அந்த ஸ்டூலில் உட்காராத ஞாயிறு இல்லை. இதற்கெல்லாம் முன்னால் ஒரு தட்டு இருக்கிறது, சோற்றுத் தட்டு. ராயனுக்குக் காய்ச்சல் விட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. குக்கர் விசில் அடித்தபோது வீட்டில் எல்லோரும் அடுப்பைத் திரும்பிப் பார்த்தார்கள், குழந்தை மட்டும் எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா நம்பவில்லை. பதினாலு வயது அமலோற்பவம் எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்று ஓங்கி அடித்தாள், பக்கத்து வீட்டுக் கோழியெல்லாம் கலைந்து ஓடியது, அவன் எறும்பைப் பார்த்துக்கொண்டேயிருந்தான். அன்றைக்கு அவன் தோளை முதன்முதலாகத் தொட்டுத் திருப்பியது அவள் கைதான். இப்போதும் அந்தத் தட்டு வீட்டில் இருக்கிறது, ஒரு பக்கம் நெளிந்து, அதில் யாரும் சாப்பிடுவதில்லை. பதினாலாவது சாவு.

ஆறு நாளுக்கு முன்னால் இதே ஹாலில் அவன் ஒன்பது முறை செத்தான். மூன்று ஞாயிறாக இதே இடம், முன்னே போக முடியவில்லை. அவள் தட்டினாள், அவன் திரும்பினான், செத்தான். தட்டினாள், திரும்பினான், செத்தான். அதற்கு முந்தின நாள்தான் கோயம்புத்தூர்க் கடிதம் வந்திருந்தது, வீட்டில் அதைப் பற்றி அவன் கை ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது, ஹாஸ்டல் இருக்கிறதாம், பஸ் இருக்கிறதாம், தன்னைப் போல இரண்டு பேர் அங்கே ஏற்கெனவே வேலை பார்க்கிறார்களாம். அவள் எரிந்துகொண்டிருந்தாள், தனக்கே தெரியாமல். ஒன்பதாவது சாவில் அது வெடித்தது. "ஒரு ஹாலத் தாண்ட முடியல, நீ கோயம்புத்தூர்ல ரோட்டத் தாண்டப் போறியாக்கும்" என்று கையாலும் வாயாலும் ஒன்றாகச் சொன்னாள். கையால் சொல்லியிருக்கவே கூடாது. வாயால் மட்டும் சொல்லியிருந்தால் காற்றோடு போயிருக்கும், இந்த வீட்டில் அப்படி எத்தனையோ போயிருக்கிறது. அவன் முழுவதையும் பார்த்தான், பிறகு கண்ணை மூடிக்கொண்டான். அதுதான் அவன் பாணி, சண்டையில் கடைசி ஆயுதம். அவன் கண்ணை மூடிவிட்டால் நீ என்ன குதித்தாலும் சுவரோடு பேசினது போலத்தான். ஆட்டத்தை அணைத்தான், எழுந்து உள்ளே போனான். சொன்ன சொல்லைத் திருப்பி வாங்க முடியாது என்பார்கள். கைச்சொல்லுக்கும் அதே சட்டம்தான் போலிருக்கிறது. பதினைந்து. பதினாறில் ஒன்றைச் சுட்டுவிட்டாள், குருட்டாம்போக்கில்தான், ஆனாலும் சுட்டாள், அது தூணில் மோதி விழுந்தது, வாய்விட்டுக் கத்தினாள், கத்தின சந்தோஷத்தில் டார்ச் அணைந்ததைக் கவனிக்கவில்லை.

சேமித்துக்கொண்டே போக வேண்டும், ராயன் அப்படித்தான் செய்வான், ஒவ்வொரு பத்தடிக்கும் அந்த எஃப் ஆறு பட்டனை ஒரு தட்டு, செத்தால் அங்கிருந்தே எழுந்திருக்கலாம். பதினேழாவது தடவை இரண்டைக் கொன்றதும் அவளுக்கு ஞானம் வந்து பட்டனைத் தட்டினாள். தட்டின பிறகுதான் பார்த்தாள், மூன்றாவது ஏற்கெனவே தோளில் ஏறிப் பல்லைப் பதித்திருக்கிறது. செத்தாள். எழுந்தாள், பல் தோளில். செத்தாள். எழுந்தாள், பல் தோளில். இடுப்பில் தேளைக் கட்டிக்கொண்டு பிறந்த மாதிரி ஐந்து தடவை பிறந்து ஐந்து தடவை செத்த பிறகு சேமிப்புப் பட்டியலைத் திறந்து பழையதைத் தேடினாள். பட்டியலில் சின்னச் சின்னப் படங்கள், எல்லாம் இருட்டு, ஒன்றில் மட்டும் வெயிலும் ஒரு பாலமும் தெரிந்தன, பழைய பெரிய ஆட்டத்தின் மிச்சமாக இருக்கும் என்று தள்ளிவிட்டுப் படிக்கட்டின் அடியைப் பிடித்து மறுபடி இறங்கினாள். கணக்கு இருபத்திரண்டு. கை வலித்தது. மூன்றே கால் ஆகிவிட்டது. முடியாது என்று ஒரு குரல் உள்ளே சொன்னது, அந்தக் குரலை அவளுக்கு நன்றாகத் தெரியும், அது அவளுடைய குரல்தான், ஆறு நாளுக்கு முன்னால் வெளியே வந்ததும் அதுதான். வாயை மூடு என்றாள் அதனிடம். கேட்காமல் கடக்க முடியும் என்று நான் காட்டுகிறேன், காட்டிவிட்டு அவனைக் கூப்பிட்டு, பார், நான் சொன்னது தப்பு, கிளம்பு என்று சொல்லுகிறேன். சாதித்துவிட்டு மன்னிப்புக் கேட்கிற ஜாதி அவள். சும்மா கேட்கத் தெரியாது.

தம்பிய அனுப்பிட்டு நீ என்னக்கா செய்வ, என்று ஆஸ்பத்திரியில் பாக்கியம் கேட்டாள். தரை துடைக்கிறவள், வாளியைக் கீழே வைத்துவிட்டு, பொல்லாப்பு ஒன்றும் இல்லாமல்தான் கேட்டாள். என்ன செய்வேன், வேலைக்கு வருவேன், சாப்பிடுவேன், தூங்குவேன். ஞாயிற்றுக்கிழமை? இரண்டு நாளாக அந்தக் கேள்வி செருப்புக்குள் கல் மாதிரி கிடக்கிறது. இருபத்தாறு வயதில் ஒரு வரன் வந்தது, தம்பிக்கு யாரிருக்கிறார் என்று சொல்லி வேண்டாம் என்றாள். முப்பதில் ஒன்று, அதற்கும் அதே பதில். முப்பத்தைந்தில் வந்தவர் நல்லவர், தம்பியும் நம்மோடு இருக்கட்டும் என்றார், அப்போதும் தம்பியைத்தான் சொன்னாள். அப்போது என்ன சொன்னோம் என்று இப்போது யோசித்தால் சரியாக நினைவுக்கு வரவில்லை, வராமல் இருப்பதே நல்லது. ஊர் அவளைத் தியாகி என்றது. பங்குச்சாமி ஒரு தடவை பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் அவளைச் சொன்னார், அவள் தலையைக் குனிந்துகொண்டாள், உள்ளுக்குள் இனித்தது. இனித்ததா இல்லையா? இனித்தது. அவன் போய்விட்டால் அந்த இனிப்பும் பஸ் ஏறிவிடும். பயமாக இருந்தது, திரையில் இருக்கிற பேய்க்கு இல்லை, பூட்டைத் திறந்து உள்ளே வந்து யாரையும் லைட்டை அணைத்துப் போட்டுச் சாப்பிடக் கூப்பிடத் தேவையில்லாத ஒரு வீட்டுக்கு. இருபத்து மூன்றாவது தடவை அவள் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டே சுட்டாள், ஒன்றும் சாகவில்லை.

கரண்டு போகும் நாட்கள் இப்படித்தான் இருக்கும் அவனுக்கு. எப்படி மறந்தேன். மின்வெட்டு இருந்த வருஷங்களில் விளக்கு அணைந்த உடனே ராயன் அலறுவான். மற்ற பிள்ளைகளுக்கு இருட்டு மட்டும்தான் இருட்டு, குரல் இருக்கும், இங்கதான் இருக்கேன் என்று அம்மா சொன்னால் போதும். அவனுக்கு இருட்டினால் பேச்சும் போய்விடும், கை தெரியாது, உதடு தெரியாது, வீடே காலி. அவள் தடவிப் போய் அவன் உள்ளங்கையைப் பிடித்து விரலால் எழுதுவாள், முதலில் அ, அமலோற்பவத்தின் அ. அ என்று எழுதினால் அழுகை நிற்கும். அதற்குப் பிறகு என்னென்னவோ எழுதுவாள், கதை, கெட்ட வார்த்தை, அம்மா செய்த குழம்பில் உப்பில்லை என்று. இருட்டில் அவன் சிரிப்பு மட்டும் கேட்கும், சத்தம் எவ்வளவு என்று தெரியாதவனின் சிரிப்பு, தெருமுனை வரை போகும். இப்போது அவள் அந்த இருட்டுக்குள் நிற்கிறாள், உள்ளங்கையில் எழுத ஆளில்லாமல். அப்படியானால் இதற்குள் ஒன்பது தடவை அவனை நிறுத்தி வைத்தது யார்? ஒரு நினைப்பு வந்து முட்டியது, அதைத் தள்ளினாள், அது போகவில்லை. இடப்பக்க ஸ்பீக்கர் செத்து இரண்டு வருஷம் ஆகிறது, ஒயரை எலி கடித்துவிட்டது. இரண்டு வருஷமாக எல்லாச் சத்தமும் வலப்பக்கத்திலிருந்துதான் வந்தது. அவள் காதால் கேட்டது பாதி, ஊகித்தது பாதி. வெளிச்சமுள்ள இடங்களில் அவள் தட்டு தப்பினாலும் அவன் கண் சரிசெய்துகொண்டது. இந்த ஹாலில் கண்ணுக்கு வேலையில்லை. அவளை மட்டும் நம்பி நின்றான். ஒயரை மாற்ற வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைத்தது ஞாபகம் வந்தது.

இருபத்தாறாவது சாவுக்குப் பிறகு அவளுக்குக் குறுக்குப்புத்தி வந்தது. திரையின் வெளிச்சத்தை ஏற்றிவைத்தால் இருட்டு வெளுக்கும் அல்லவா. களவாணித்தனம்தான், ஆனால் பேயிடம் என்ன நியாயம். ஆட்டத்தின் அமைப்புகளுக்குள் போய் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள், வெளிச்சம், வேகம், மௌஸ், சத்தம். சத்தம் என்ற பக்கத்தில் கீழே ஒரு வரி. திரையில் எழுத்து: பேச்சு மட்டும். பக்கத்தில் ஒரு சின்ன அம்பு. அம்பைத் தொட்டாள். எல்லா ஒலிகளும், என்று மாறியது. அவள் கை அப்படியே நின்றது. இந்தப் பக்கத்தை அவள் பார்த்திருக்கிறாள். பதினாலு வருஷத்துக்கு முன்னால், பெரிய ஆட்டத்தை இதே வீட்டில் போட்டுக் கொடுத்த அன்று, முதலில் எல்லா ஒலிகளும் என்றுதான் இருந்தது. திரை முழுக்க எழுத்தாக வந்து விழுந்தது, கதவு கிரீச்சிட்டது, தண்ணீர் சொட்டுகிறது, தொலைவில் காலடி என்று, எல்லாம் இங்கிலீஷில். பதினேழு வயது ராயன் ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தான், வேகம் இல்லை, அவளுக்குப் பொறுமையில்லை. இதெல்லாம் எதுக்குலே, நான் சொல்லுதேன் என்று இந்த அம்பைத் தொட்டவள் அவள்தான். தொட்டுவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பெரிய ஆட்டத்தின் அந்த அமைப்பையே இந்தத் துண்டும் எடுத்துக்கொண்டிருக்கிறது. அம்பை எல்லா ஒலிகளுக்கும் திருப்பி வைத்து, படிக்கட்டை இறங்கி, கதவைத் தள்ளி, பொத்தானை அழுத்தினாள். ஊமையாகக் கிடந்த இருட்டில் வெள்ளை எழுத்து முளைத்தது. மூச்சிரைப்பு, வலது. திரும்பினாள், சுட்டாள், விழுந்தது. மூச்சிரைப்பு, இடது. மேலே உராய்வு. அவ்வளவுதான். பள்ளிக்கூடப் பிள்ளை வாசித்துவிட்டுப் போகும். நாற்பது நொடி தாக்குப்பிடித்தவள் அதற்கு மேல் எழுத்து தெரியாமல் நின்றாள், கண் நிறைந்துவிட்டது, என்னவோ வந்து கடித்தது, கடிக்கட்டும் என்று விட்டாள். இருபத்தேழு.

கேட்காமல் கடக்க முடியும் என்று காட்ட உட்கார்ந்தவள், அவன் கடக்க முடியாமல் போனதற்குக் காரணத்தைக் கண்டுபிடித்திருக்கிறாள். அவன் பதினாலு வருஷத்தைத் திருடி என் ஸ்டூலுக்குக் கால் வைத்திருக்கிறேன். சொல்ல வேண்டுமா? அம்பைத் திருப்பி வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. மணி நான்கு. இன்னும் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், ஐந்து அடிக்கும், கடிதம் காலாவதியாகும், கொஞ்ச நாளில் கோபம் ஆறும், வருகிற ஞாயிறோ அதற்கடுத்த ஞாயிறோ அவன் வந்து உட்காருவான். எவ்வளவு சுலபம். அந்தச் சுலபத்தைப் பார்த்துத்தான் அவளுக்கு உண்மையிலேயே பயம் வந்தது. எழுந்தாள். ராயனின் அறை விளக்குக்கு ஸ்விட்ச் வெளியே கூடத்துச் சுவரில் இருக்கிறது, அவனைக் கூப்பிடுவதற்கென்றே அப்பா இருந்த காலத்தில் போட்டது. இரண்டு முறை அணைத்துப் போட்டால் சாப்பிட வா. மூன்று முறை என்றால் உடனே வா. ஆறு நாளாக இரண்டு, இரண்டு, இரண்டு என்றே அடித்துக்கொண்டிருந்தாள், அவன் வந்து குனிந்தபடி சாப்பிட்டுவிட்டுப் போவான். ஸ்விட்சில் விரலை வைத்தாள். ஒன்று. இரண்டு. விரல் அதிலேயே நின்றது, நின்ற விரலைத் தானே திட்டினாள், மூன்றாவது முறை அடித்தாள்.

கதவு படாரென்று திறந்தது. லுங்கியும் பனியனுமாக ராயன், கண்ணில் பதற்றம். என்ன, யாருக்கு என்ன, என்று கை கேட்டது. அவர்கள் கையால் பேசுவதை இங்கே வாயால் பேசுவது போல எழுதுவதைத் தவிர வழியில்லை.

"ஒண்ணுமில்ல. இங்க வந்து உக்காரு."

அவன் திரையைப் பார்த்தான். செத்துக் கிடக்கிற நாயகனைப் பார்த்தான். அக்காவின் கசங்கிய சேலையைப் பார்த்தான். பிறகு உள்ளங்கையை ஸ்பீக்கரின் மேல் வைத்துப் பார்த்தான், அதில் அதிர்வு இல்லை.

"சத்தமில்லாமலா ஆடுத?"

"ஆமா."

"எத்தன தடவ செத்த?"

"இருவத்தேழு."

அவன் உதடு சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டது. அவள் அவனைச் சிரிக்க விடவில்லை. அமைப்புப் பக்கத்தைத் திறந்து அந்த வரியைக் காட்டினாள். "இத மாத்தி வச்சது நாந்தான். பதினாலு வருசமா. நீ வாசிச்சே ஆடிருக்கலாம். நான் தேவையே இல்ல. என் தப்புலே, ராயா. அன்னைக்கு அந்தப் பேச்சு பேசினதும் என் தப்பு."

ராயன் அந்த வரியைப் பார்த்தான். ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியப்படாததைத்தான் அவள் முதலில் கவனித்தாள்.

"தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"இது. ஆறு வருசமா தெரியும். நீ ஆஸ்பத்திரிக்குப் போனதும் மாத்துவேன். நீ வாரதுக்கு முந்தி திருப்பி வச்சிருவேன்." மௌஸை வாங்கிச் சேமிப்புப் பட்டியலைத் திறந்து, வெயிலும் பாலமும் தெரிந்த அந்தப் படத்தைத் தொட்டுக் காட்டினான். "இந்த எபிசோடோட கடைசி இடம். மூணு தடவ முடிச்சிட்டேன். மூணாவது தடவ எழுத்தக்கூட எடுத்துட்டு ஆடினேன். எல்லாம் கணக்குதான். பொத்தான அழுத்தினா பன்னெண்டாவது எண்ணுக்கு வலப்பக்கம் ஒண்ணு வரும். இருபதுக்கு இடப்பக்கம். முப்பத்தொண்ணுக்கு மேல கொழாயிலருந்து. மாறவே மாறாது."

அவளுக்குச் சட்டென்று கோபம்தான் வந்தது. "பெறகு எதுக்குலே எங்கூட ஆடும்போது செத்த? ஒம்பது தடவ!"

கையால் பேசும்போது ராயன் தயங்குவதே இல்லை. இப்போது அவன் கை நெஞ்சுக்கு நேரே வந்து சும்மா நின்றது. பிறகு மெதுவாகச் சொன்னான்.

"நீ இடப்பக்கம் தட்டின. நான் இடப்பக்கம் திரும்பினேன்."

அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை, பார்க்காவிட்டால் அவன் பேசுவது கேட்காது, அதனால் பார்த்தாள். வலப்பக்கமிருந்துதான் வரும் என்று தெரிந்தே, பன்னிரண்டு என்று எண்ணிக்கொண்டே, அவள் தட்டின பக்கம் திரும்பி நின்று கடி வாங்கியிருக்கிறான். மூன்று ஞாயிறு. அவள் ஸ்டூல் அவளிடமே இருக்கட்டும் என்று. அந்தச் சாவுகளை எடுத்துத்தான் அவன் முகத்தில் எறிந்தாள், அப்போதும் அவன் உண்மையைச் சொல்லவில்லை, கண்ணைத்தான் மூடிக்கொண்டான். தன்னை நம்பி அவன் இருக்கிறான் என்று அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். வெட்கமாக இருந்தது, வெட்கத்துக்கு அடியில் ஒரு சந்தோஷமும் இருந்தது. சேலைத் தலைப்பால் முகத்தை அழுந்தத் துடைத்தாள்.

"மணி என்ன?"

"நாலேகால்."

"பதில் போடு."

"என்னன்னு?"

"வாரேன்னு. வேற என்னன்னு போடுவ?"

"நீ என்ன செய்வ?" என்றான் ராயன். பாக்கியத்தின் அதே கேள்வி. ஆனால் ஆறு நாளும் அவன் கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தது தன்னைப் பற்றி இல்லை, இந்தக் கேள்வியைத்தான் என்பது அவன் கேட்ட விதத்தில் தெரிந்தது.

"எனக்கு இந்த ஹாலத் தாண்டணும்" என்றாள். "இன்னைக்கு முடியலன்னா நாளைக்கு. ஞாயித்துக்கெழமதான."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். திரையில் எழுத்து வருவதைப் பேச்சு மட்டும் என்று தானே திருப்பி வைத்தாள். ராயன் என்ன நினைத்தானோ, அவளுக்குப் பின்னால் ஸ்டூலில் வந்து உட்கார்ந்தான். படிக்கட்டு, கதவு, ஹால், பொத்தான். டார்ச் அணைந்தது. ஒன்றுமே இல்லாத கறுப்பில் அவளுடைய வலத்தோளில் ஒரு தட்டு விழுந்தது, இலேசாக, வாழ்நாளில் யாரும் அவளை அப்படித் தட்டியதில்லை. திரும்பினாள். டார்ச்சைப் போட்டாள். அது நேர் எதிரே வந்துகொண்டிருந்தது, சுட்டாள், விழுந்தது. இடத்தோளில் அடுத்த தட்டு. திரும்பினாள், சுட்டாள். எவ்வளவு சுகமாக இருக்கிறது, இப்படி ஒரு கை பின்னால் இருப்பது. ஆறு வருஷம் இவன் ஏன் அந்த அம்பைப் பற்றிச் சொல்லவில்லை என்பது இப்போது நன்றாகவே புரிந்தது. இப்படியே இருந்துவிடலாம் போல இருந்தது. மௌஸிலிருந்து கையை எடுத்து, தோளில் இருந்த அவன் கையைப் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பி அதில் விரலால் அ என்று எழுதினாள். அதற்குள் மேலேயிருந்து ஒன்று குதித்து அவளைக் கொன்றது. இருபத்தெட்டு.

"தட்டாத" என்றாள் அவனிடம் திரும்பி. "நானே எண்ணிக்கிடுதேன்."

ராயன் எழுந்தான். ஜன்னலைத் திறந்தான், வெயில் உள்ளே வந்தது, அந்த வெளிச்சத்தில் நின்றுகொண்டு போனை எடுத்துத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தான். அவன் என்ன எழுதுகிறான் என்று அவள் எட்டிப் பார்க்கவில்லை. படிக்கட்டை இறங்கினாள். கதவைத் தள்ளினாள். லெனா முதுகைக் காட்டிக்கொண்டு ஃபியூஸ் பெட்டியருகே போய் நின்றாள். அமலோற்பவம் லிஃப்ட் பொத்தானை அழுத்திவிட்டு, இருட்டைப் பார்த்துத் திரும்பி நின்று, வாய்விட்டு ஒன்று என்று எண்ண ஆரம்பித்தாள்.